எல்லையோரச் சிறு விமானக் களத்துக்குச் செல்லும் தனியார் விமானிக்கு

தனியார் விமானி உரிமம் பெற்ற ஒருவர், தாம் பயின்ற நிலையத்தை விட்டு வேறொரு சிறு களத்துக்குப் போய்வர நினைக்கும்போது, "அங்கே இறங்க முடியுமா?" என்பதையே முதலில் கேட்கிறார். அங்கிருந்து மறுபடி எழ முடியுமா என்பதை அதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டும். பெரும்பாலான சிறு விமானங்களுக்கு இறங்கத் தேவைப்படும் நீளத்தைவிட எழத் தேவைப்படும் நீளம் அதிகம் என்பதால், காலைக் குளிர்ச்சியில் நன்றாக இறங்கியவர் மதிய வெயிலில் அதே ஓடுபாதையில் சிக்கிக்கொள்வது நடக்கக்கூடியதே. ஆகவே பயணத் திட்டத்தைத் திரும்பும் புறப்பாட்டிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி எழுதுவதே முறை. இந்தக் கட்டுரை அந்த வரிசையை மனத்தில் கொண்டே செல்கிறது.

பாலக்காடு, சித்தூர், கொழிஞ்சாம்பாறை, பீர்மேடு, தேவிகுளம் எனத் தமிழ் பேசுவோர் மிகுந்த கேரள எல்லைப் பகுதியிலிருந்து பறக்கக் கற்றுக்கொள்பவர்கள், திருவனந்தபுரத்தில் உள்ள ராஜீவ் காந்தி விமானத் தொழில்நுட்ப அகாதமிக்கோ தமிழ்நாட்டுப் பயிற்சிப் பள்ளிகளுக்கோ செல்கிறார்கள். அவர்கள் பழகுவது நீண்ட தார் ஓடுபாதை, கட்டுப்பாட்டு டவர், தீயணைப்பு வண்டி ஆகியவை உள்ள நிலையங்களில்தான். கேரளத்தில் பயணிகள் விமானம் வந்துபோகும் நிலையங்கள் நான்கு: திருவனந்தபுரம், கொச்சி, கோழிக்கோடு, கண்ணூர். எல்லைக்கு இப்பால் கோயம்புத்தூர் இருக்கிறது. இவற்றுக்கு வெளியே சிறு களம் என்று சொல்லத்தக்கவை இந்த வட்டாரத்தில் மிகக் குறைவு. அவற்றுள் பலரும் கேள்விப்பட்டது, இடுக்கி மாவட்டம் வண்டிப்பெரியாறுக்கு அருகே சத்திரத்தில் தேசிய மாணவர் படைக்காகக் கேரளப் பொதுப்பணித் துறை அமைத்த 650 மீட்டர் ஓடுபாதை. 2022 ஜூலை மழையில் அதன் ஒரு பகுதி சரிந்தது. அதே ஆண்டு டிசம்பரில் வைரஸ் எஸ்.டபிள்யூ 80 என்ற மிக இலகு ரக விமானம் அங்கே இறங்கியது. அது மாணவர் படையின் பயிற்சிக்குரிய களம். உரிமம் கையில் இருக்கிறது என்பதற்காக யாரும் போய் இறங்கக்கூடிய பொது இடமன்று. எனினும் மலைக் களம் ஒன்றின் இயல்பை விளக்க அதைவிட நல்ல எடுத்துக்காட்டு இந்தப் பக்கத்தில் இல்லை என்பதால், கீழே அந்த நீளத்தையே எடுத்துக்கொள்கிறேன்.

விமானக் கையேட்டின்படி, நான்கு இருக்கைகள் கொண்ட செஸ்னா 172எஸ், முழு எடையுடன், கடல்மட்டத்தில், 15 டிகிரி வெப்பத்தில், காற்றில்லாத சமதளத் தார்ப் பாதையில், 50 அடி உயரத் தடையைத் தாண்டி எழ 1,630 அடி, அதாவது ஏறக்குறைய 497 மீட்டர் வேண்டும். அதே தடைக்கு மேலாக வந்து இறங்கி நிற்க 1,335 அடி, அதாவது 407 மீட்டர் போதும். இவை புதிய விமானத்தைக் கொண்டு தேர்ந்த சோதனை விமானி எடுத்த அளவுகள் என்பதை மறக்கக் கூடாது. சிறு விமானங்களுக்கெனப் பிரிட்டனின் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம் வெளியிட்டுள்ள பெருக்கக் கணக்கு எளிமையானது, மனத்தில் வைத்துக்கொள்ளத் தக்கது: ஒவ்வோர் ஆயிரம் அடி உயரத்துக்கும் எழும் நீளம் 10 சதவீதமும் இறங்கும் நீளம் 5 சதவீதமும் கூடும், ஒவ்வொரு 10 டிகிரி கூடுதல் வெப்பத்துக்கும் அதே அளவில் கூடும், உலர்ந்த புல்தரை எழும் நீளத்தை 20 சதவீதமும் இறங்கும் நீளத்தை 15 சதவீதமும் கூட்டும், ஈரப் புல்லில் இறங்கும் நீளம் 35 சதவீதம் கூடும், 2 சதவீத ஏற்றச் சரிவு எழும் நீளத்தை 10 சதவீதம் கூட்டும். இவற்றை ஒன்றின்மேல் ஒன்றாகப் பெருக்க வேண்டும், கூட்டக் கூடாது. எல்லாம் பெருக்கிய பிறகு, எழுவதற்கு 1.33, இறங்குவதற்கு 1.43 என்ற பாதுகாப்புப் பெருக்கத்தையும் சேர்க்க வேண்டும்.

மூவாயிரம் அடி உயரத்தில், 25 டிகிரி வெப்பத்தில், 650 மீட்டர் தார்ப் பாதை இருப்பதாகக் கொள்வோம். அந்த உயரத்துக்கு இயல்பெனக் கணக்கில் கொள்ளப்படும் வெப்பம் 9 டிகிரி; எனவே 16 டிகிரி மிகுதி. செஸ்னா 172எஸ் இறங்க ஏறத்தாழ 509 மீட்டர் ஆகிறது. பாதை போதுமென்று தோன்றும். எழுவதற்கோ 767 மீட்டர் ஆகிறது. எடையைப் பத்து சதவீதம் குறைத்தாலும் 640 மீட்டர் அளவிலேயே நிற்கிறது. பாதையின் கடைசி அங்குலம் வரை நம்பி எழும் புறப்பாட்டை எந்த ஆசிரியரும் ஒப்புக்கொள்ள மாட்டார். பாதுகாப்புப் பெருக்கத்தைச் சேர்த்தால் இறங்குவதற்கே 728 மீட்டரும் எழுவதற்கு ஆயிரத்துக்கு மேலும் வேண்டும். நான்கு இருக்கை விமானம் இறங்கிவிட்டு எழ முடியாமல் போகும் இடத்தில் இரண்டு இருக்கை மிக இலகு விமானம் தாராளமாகப் போய்வருவதற்குக் காரணம் இதுதான். சத்திரத்திலும் முதலில் முயன்றபோது ஓடுபாதையை ஒட்டியிருந்த மண்திட்டு தடையாக நின்றதால் தரையிறக்கம் கைகூடவில்லை. அது குறைக்கப்பட்ட பின்னரே கைகூடியது. காகிதத்தில் 650 மீட்டர் என்று எழுதியிருப்பதும், தடைகளைக் கழித்த பிறகு நமக்குக் கிடைப்பதும் ஒன்றல்ல.

கணக்கு சரியாக வந்தபின் அனுமதி. சிறு களங்களில் உரிமையாளரின் முன் அனுமதியில்லாமல் இறங்குவது சட்டப்படியும் மரியாதைப்படியும் தவறு. மின்னஞ்சலில் வரும் அனுமதியோடு நிற்காமல், களத்தில் அன்றாடம் இருப்பவரோடு தொலைபேசியில் பேசிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அலுவலகத்தில் இருப்பவர் பாதையின் நீளத்தைச் சொல்வார்; காவலுக்கு இருக்கும் அண்ணனோ நேற்றைய மழையில் எந்த முனையில் நீர் தேங்கியது, எத்தனை மணிக்கு மாடுகள் குறுக்கே போகும், காற்றின் திசை காட்டும் காற்றுப்பை கிழிந்திருக்கிறதா என்பதையெல்லாம் சொல்வார். "ஓடுபாதை நல்ல நிலையில் உள்ளதா?" என்று பொதுவாகக் கேட்டால் "நல்லா இருக்குங்க" என்ற பதிலே வரும். "கார் வேகமாகப் போனால் குலுங்குமா? இப்போது புல் எத்தனை விரல் உயரம்? பக்கத்தில் புதிதாகக் கைபேசி டவரோ மின்கம்பமோ நட்டிருக்கிறார்களா? மயில் நடமாட்டம் உண்டா?" என்று குறிப்பாகக் கேட்டால்தான் பயனுள்ள விவரம் கிடைக்கும். பாலக்காட்டுப் பக்கமும் கோவைப் பக்கமும் மயில் பெருகிவிட்டதால் கடைசிக் கேள்வியை விளையாட்டாக எண்ணிவிட வேண்டாம்; நான்கைந்து கிலோ எடையுள்ள பறவை, சிறு விமானத்தின் முன் கண்ணாடியை உடைத்து உள்ளே வரக்கூடியது. அங்கே கைபேசிச் சிக்னல் எந்த நிறுவனத்துடையது கிடைக்கும் என்பதையும் அப்போதே கேட்டு வைக்க வேண்டும். அதன் தேவை பின்னால் விளங்கும்.

இந்தியாவில் ஒரு களத்திலிருந்து மற்றொன்றுக்குப் பறப்பதற்கு, வழியையும் நேரத்தையும் முன்கூட்டித் தெரிவிக்கும் ஃப்ளைட் பிளானும் வான் பாதுகாப்பு அனுமதி எண்ணும் வேண்டும். தென்மாநிலங்கள் பெரும்பாலும் சென்னை வான்தகவல் வட்டத்துக்குள் வருவதால், சென்னையில் உள்ள ஃப்ளைட் இன்ஃபர்மேஷன் சென்டர் வழியாகவே இவை நடக்கின்றன. புறப்பாட்டுக்குக் குறைந்தது ஒரு மணி நேரம் முன்பாகத் திட்டத்தைக் கொடுத்துவிட வேண்டும். நேரங்களெல்லாம் உலகப் பொது நேரத்தில் எழுதப்படுவதால் நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணியைக் கழிக்க மறக்கக் கூடாது. கோவைக்குப் பக்கத்திலேயே சூலூர் விமானப்படைத் தளமும், கொச்சியில் கடற்படை விமானத் தளமும் இருப்பதால் இந்த அனுமதி எண்ணை வெறும் சடங்காக எண்ணுவது ஆபத்தானது. எண்ணில்லாத விமானத்தை அவர்கள் அடையாளம் தெரியாத விமானமாகவே பார்ப்பார்கள். திரும்பும் பயணத்துக்குத் தனியாக எண் பெற வேண்டும். சிக்னல் இல்லாத பள்ளத்தாக்கில் இறங்கிவிட்டால் அந்த எண்ணைப் பெறவே இரண்டு கிலோமீட்டர் நடந்து தேநீர்க் கடை வரை போக வேண்டியிருக்கும். அதற்கு மாற்றாகச் செயற்கைக்கோள் தகவல் கருவியைக் கையில் கொண்டுபோகலாம் என்று சிலர் எண்ணுவதுண்டு. நம் நாட்டில் அதற்கு அரசின் தனி உரிமம் வேண்டும், அது இல்லாமல் வைத்திருந்தவர்கள் கைதாகியிருக்கிறார்கள். பதிவுச் சான்று, பறக்கும் தகுதிச் சான்று, அதன் மறு ஆய்வுச் சான்று, காப்பீடு, ரேடியோ உரிமம், எடைச் சமநிலைத் தாள், பயணப் பதிவேடு, தம் உரிமம், மருத்துவச் சான்று ஆகியவை விமானத்திலேயே இருக்க வேண்டும். விமானிகளுக்கான அறிவிப்புகளாகிய நோட்டாம்களைப் பயண நாளன்று காலையில் மீண்டும் பார்க்க வேண்டும்.

இனி வானிலை. இந்த வட்டாரத்தில் பறப்பவருக்கு மற்ற எல்லாவற்றையும்விட இதுவே பெரிய விஷயம். வடக்கே 2,637 மீட்டர் தொட்டபெட்டாவும் தெற்கே 2,695 மீட்டர் ஆனைமுடியும் எழுந்து நிற்க, நடுவே சுமார் 30 முதல் 40 கிலோமீட்டர் அகலத்துக்கு மேற்குத் தொடர்ச்சி மலை விட்டுக்கொடுத்த இடைவெளியே பாலக்காட்டுக் கணவாய். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று இந்த வாயில் வழியாகப் பாய்ந்து பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் வரை வீசுகிறது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று கொங்கு நாட்டார் சும்மா சொல்லவில்லை. அந்தக் காற்றை நம்பித்தான் கஞ்சிக்கோட்டிலும் உடுமலைப் பக்கமும் காற்றாலைகளை நட்டிருக்கிறார்கள். செஸ்னா 172எஸ் விமானத்துக்குச் சோதனையில் செய்து காட்டப்பட்ட குறுக்குக் காற்றின் அளவு 15 நாட், அதாவது மணிக்கு ஏறக்குறைய 28 கிலோமீட்டர். ஆடியில் வீசும் மேற்குக் காற்று அதைத் தாண்டுவது அரிதன்று, ஒற்றை ஓடுபாதை வடக்கு தெற்காக அமைந்துவிட்டால் வேறு வழியும் இல்லை. மார்கழி, தை மாதங்களில் காற்று திரும்பிக் கிழக்கிலிருந்து கணவாய் வழியாகப் பாலக்காட்டுக்குள் இறங்குகிறது. அப்போது வானம் தெளிவாக இருக்கும், பார்வைத் தொலைவு மிகுதியாக இருக்கும். ஆனால் கணவாயின் மேற்கு முனையில் குலுக்கலும் இருக்கும். எனினும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான காலமே இப்பகுதிக்கு ஏற்றது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஏப்ரல், மே மாதங்களில் காலை பத்தரை வரை நல்ல வானமாக இருந்து, பிற்பகலில் மலைமேல் இடிமேகம் எழுவது அன்றாட நிகழ்ச்சி; அந்த மாதங்களில் மதியத்துக்குள் வீடு திரும்பிவிட முடியாத பயணத்தைத் தொடங்கவே கூடாது.

மலை முகட்டைக் கடப்பவர் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதை முன்பே அறிந்திருக்க வேண்டும். காற்று மோதும் பக்கத்தில் அது விமானத்தைத் தூக்கும். மறைவுப் பக்கத்தில் அழுத்தும், அந்த அழுத்தம் சிறு எஞ்சினின் ஏறும் திறனை வென்றுவிடும். முகட்டுக்கு மேல் குறைந்தது ஆயிரம் அடி, காற்று மிகுந்த நாளில் இரண்டாயிரம் அடி உயரம் வைத்துக்கொண்டு, முகட்டை நேராக அல்லாமல் 45 டிகிரி கோணத்தில் குறுக்காக அணுகினால், நிலைமை பிடிக்காதபோது பள்ளத்தாக்கின் பக்கம் எளிதாகத் திரும்பிவிடலாம். இடுக்கி, சபரிமலைப் பக்கத்து நீர்மின் நிலையங்களிலிருந்து வரும் உயரழுத்தக் கம்பிகள் ஒரு மலையிலிருந்து மறு மலைக்குப் பள்ளத்தாக்கின் குறுக்கே தொங்குகின்றன. கம்பி கண்ணுக்குத் தெரியாது, கோபுரத்தைத் தேடித்தான் கம்பி இருக்குமிடத்தை ஊகிக்க வேண்டும். மற்றொன்று: இந்தியாவில் கருவிகளை நம்பாமல் கண்ணால் பார்த்துப் பறக்கும் பார்வை விதிப் பறத்தல் பகலுக்கு உரியது, ஆனால் கம்பம், போடி போன்ற மலையடிவார இடங்களில் பஞ்சாங்கம் சொல்லும் மறைவு நேரத்துக்கு வெகுமுன்பே சூரியன் மேற்கு மலைக்குப் பின்னால் போய்விடும். நிழலில் கிடக்கும் ஓடுபாதையை வெளிச்சத்தில் இருக்கும் விமானத்திலிருந்து கண்டுபிடிப்பது கடினம்.

எரிபொருளைப் பொறுத்தவரை, திரும்பி வரத் தேவையானதையும் இருப்பாக வைக்க வேண்டியதையும் புறப்படும் இடத்திலேயே நிரப்பிக்கொள்வது நல்லது. சிறு களங்களில் ஏவ்காஸ் என்ற விமானப் பெட்ரோல் கிடைக்கும் என்று எண்ணக் கூடாது. அந்தக் கூடுதல் எரிபொருளின் எடை மேலே சொன்ன எழும் நீளக் கணக்கில் வந்து சேரும் என்பதால் இரண்டையும் ஒன்றாகவே பார்க்க வேண்டும். ரோட்டாக்ஸ் 912 வகை எஞ்சின் உள்ளவர்கள் "ஊர் பங்கில் பெட்ரோல் வாங்கி ஊற்றிக்கொள்ளலாம்" என்று நினைப்பதுண்டு. அந்த எஞ்சினுக்கு எத்தனால் கலப்பு 10 சதவீதம் வரையே ஏற்கப்பட்டுள்ளது. இன்று நம் பங்குகளில் கிடைப்பதோ 20 சதவீதக் கலப்பு. ஆகவே அந்த எளிய வழி இப்போது இல்லை.

களத்தை அடைந்ததும் நேரே இறங்க முற்படாமல், இறங்குமுன் களத்தைச் சுற்றிவரும் வழக்கமான உயரத்துக்கு மேலாக, அதாவது தரையிலிருந்து 1,500 முதல் 2,000 அடி உயரத்தில், ஒருமுறை மேலே வந்து பார்க்க வேண்டும். காற்றுப்பை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, பாதையில் ஆடு மாடு உண்டா, ஈரம் மின்னுகிறதா, இறங்க முடியாமல் மீண்டும் எழ நேர்ந்தால் எந்தப் பக்கம் திரும்ப இடமுண்டு என்பன அப்போதே தெரிந்துவிடும். காற்றுப்பை இல்லாவிட்டால் அருகில் எரியும் குப்பையின் புகையோ குளத்து நீரின் அலையோ உதவும். கட்டுப்பாட்டு டவர் இல்லாத இடத்தில், குறித்த அலைவரிசையில் தம் அழைப்புக் குறி, இருப்பிடம், உயரம், நோக்கம் ஆகியவற்றை இறங்கும் சுற்றின் டவுன்விண்ட் (ஓடுபாதைக்கு இணையாக), பேஸ் (அதை நோக்கித் திரும்பும் குறுக்கு), ஃபைனல் (நேராக இறங்குவது) என்ற ஒவ்வொரு கட்டத்திலும் சொல்லிக்கொண்டே வர வேண்டும்; பதில் வராவிட்டாலும் சொல்ல வேண்டும், கேட்டுக்கொண்டு வாய் திறவாமல் இன்னொருவர் பறந்துகொண்டிருக்கக்கூடும். வேறு குறிப்பு இல்லாதபோது சுற்று இடப்பக்கமாகவே அமையும்.

சிறு பாதையில் இறங்குவதன் நுட்பம் முழுவதும் வேகத்தில் இருக்கிறது. கையேடு சொல்லும் அணுகு வேகத்தைவிட ஐந்து நாட் கூடுதலாக வந்தால் நீண்ட பாதையில் யாரும் கவனிக்க மாட்டார்கள்; குறும்பாதையில் அந்த ஐந்து நாட் நூறு மீட்டர் மிதப்பாக மாறிவிடும். பாதையின் முதல் மூன்றிலொரு பங்குக்குள் சக்கரம் தரையைத் தொடாவிட்டால் கோ-அரவுண்ட், அதாவது இறங்காமல் மீண்டும் மேலெழுவது, என்று முன்பே தீர்மானித்திருக்க வேண்டும். அந்த முடிவை அங்கே போய் எடுக்கக் கூடாது. மலைச் சரிவில் ஒரு முனை மலையை முட்டி நிற்கும் களமாயின் மேல்நோக்கி இறங்கிக் கீழ்நோக்கி எழுவதே வழி. அங்கே ஓர் எல்லைக்குப் பின் கோ-அரவுண்டே இல்லை. அத்தகைய களத்துக்கு அந்த இடத்தை அறிந்த ஆசிரியரை அருகில் அமர்த்திக்கொள்ளாமல் முதன்முறை போகவே கூடாது.

இறங்கி நிறுத்தியதும் எஞ்சின் முழுவதும் நிற்கும் வரை கதவைத் திறக்க வேண்டாம். எல்லைப்புற ஊர்களில் விமானம் ஒன்று இறங்கினால் எஸ்டேட் லயத்துப் பிள்ளைகள் பத்து நிமிடத்தில் வேலியோரம் கூடிவிடுவார்கள். சுற்றும் புரொப்பெல்லர் கண்ணுக்குத் தெரியாது என்பது அவர்களுக்குத் தெரியாது. காவலரிடம் முன்பே சொல்லி வைத்து, விமானத்தின் வால் பக்கமிருந்து மட்டும் கிட்டே வரச் செய்யலாம். அவர்களை விரட்டுவதைவிட அழைத்துக் காட்டுவது மேல் என்பேன். களத்தைப் பற்றி ஊரில் நல்ல பெயர் இருந்தால்தான் அது நீடிக்கும். படம் எடுப்பதற்கு அனுமதி வேண்டுமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். அரசுக்கோ படைக்கோ உரிய களமாயின் அனுமதியில்லாமல் கேமராவை எடுக்கக் கூடாது. சக்கரத்துக்குக் கட்டை வைத்து, இறக்கையின் இரு புறமும் வாலும் கயிற்றால் கட்டப்பட்டபின் வருகைப் பதிவேட்டில் எழுதி, கட்டணம் இருந்தால் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும்.

புறப்படுவதற்கு முன் ஓடுபாதை முழுவதையும் கால்நடையாக நடந்து பார்ப்பது பத்து நிமிட வேலை. எத்தனை பேர் செய்கிறார்கள் என்பது வேறு விஷயம். நடக்கும்போது பாதையின் பாதித் தூரத்தை அறிந்து, அங்கே ஓரத்தில் சுண்ணாம்புக் கோடு, மரம், கம்பம் என்று தெளிவான ஓர் அடையாளத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். அந்த அடையாளத்தை அடையும்போது எழும் வேகத்தில் 70 சதவீதம் வரவில்லையென்றால் உடனே எஞ்சினைக் குறைத்து நிறுத்திவிட வேண்டும் என்பது சிறு களங்களில் பறப்போர் பலரும் கடைப்பிடிக்கும் விதி. உதாரணமாக 55 நாட் வேகத்தில் எழும் விமானம் பாதித் தூரத்தில் ஏறத்தாழ 39 நாட் காட்ட வேண்டும். வெப்பம் காலையில் கணக்கிட்டதைவிட ஏறியிருந்தால் கணக்கை மறுபடி போட வேண்டும். கணக்கு இடம்கொடுக்காவிட்டால் உடன் வந்தவரைப் பேருந்தில் அனுப்பிவிட்டுத் தனியாக எழலாம், அல்லது மறுநாள் காலை ஆறரை மணிக்கு எழலாம். வண்டிப்பெரியாறிலிருந்து குமுளிக்கும் கம்பத்துக்கும் பேருந்து இருக்கிறது. அதில் போவதில் எந்த இழிவும் இல்லை.

வீடு திரும்பி இறங்கியதும் ஃப்ளைட் பிளானை முடித்துவைக்க வேண்டும். டவர் உள்ள நிலையத்தில் அவர்களே அதைச் செய்துவிடுவார்கள். டவர் இல்லாத களத்துக்குப் போய் இறங்கியபோது, அந்த வேலை விமானியுடையது. வந்து சேர வேண்டிய நேரம் கடந்து 30 நிமிடத்துக்குள் தகவல் இல்லையென்றால் ஐயநிலை அறிவித்து விமானத்தைத் தேடத் தொடங்குவார்கள். முன்னே கைபேசிச் சிக்னலைப் பற்றிக் கேட்கச் சொன்னது இதற்காகவும்தான். சென்னைக்குப் பேசி முடித்த பிறகு விமானத்துக்கு உறை போடலாம்.